மூளைக் காந்தத் தூண்டற் கருவி: திருத்தம் எவர்க்காக?

"இவையெல்லாம் செல்வ நாடுகளின் விளையாட்டுப் பொருள்கள், எமக்கு இவற்றால் ஆவது யாது?" மூளையைக் காந்தத்தால் தூண்டி மனச்சோர்வு நோயைத் தணிக்கும் கருவிகளைப் பற்றிப் பேச்செழுந்த ஒரு கருத்தரங்க இடைவேளையில், நன்கு கற்ற ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வையாமலே இவ்வாறு தீர்ப்பளித்தார். அருகில் நின்ற பொறியியற்பீட நண்பர் இதற்கு மறுமொழியாக, அக்கருவிகள் இன்று எய்தியுள்ள நுட்பத்தைப் பத்து நிமிடம் புகழ்ந்து பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இருவரும் ஒரே பிழையையே செய்கின்றனர் எனத் தோன்றியது. ஒருவர் அக்கருவியைத் தள்ளினார். மற்றவர் அதனை வணங்கினார். யாரோ எங்கோ செய்து முடித்துவிட்ட பொருள் அது என்ற எண்ணம் இருவர்க்கும் பொதுவாயிருந்தது. அஃது இன்னும் செய்து முடியாத பொருள். அதனைத் திருத்தும் வேலை பல நாடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. எதனைத் திருத்தம் எனக் கொள்வது என்று தீர்மானிக்கப்படும் அவையில் எம்மவர் குரல் இல்லை என்பதே என் முறைப்பாடு.

கலைப்பீட மாணவன் ஒருவன் சுருளையும் கொள்ளளவியையும் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பைத் தரலாம். நகைப்போர் நகைக்க. உயர்தர வகுப்பில் கைவிட்ட பௌதிகத்தை நண்பர்களிடம் கேட்டுக் கேட்டு மீளக் கற்றே இதனை எழுதுகின்றேன். ஈச்சிலம்பற்றிற் பிறந்தவன் என்ற தகுதியும் எனக்குண்டு. அத்தகுதி இவ்விடயத்தில் எவ்வளவு பெறுமதியுடையது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதி காட்டும்.

முதலிற் கருவி. சுருளொன்றினூடே மாறுகின்ற மின்னோட்டம் பாயுமாயின், அருகிலுள்ள கடத்தியிலும் மின்னோட்டம் தூண்டப்படும் என்பதை மைக்கல் பரடே 1831இற் கண்டறிந்தார். உப்புநீர் தோய்ந்த மூளையும் ஒரு கடத்தியே. ஆகவே தலையருகே சுருளை வைத்து மூளையைத் தூண்டலாம் என்ற எண்ணம் வெகு காலத்துக்கு முன்னரே எழுந்துவிட்டது. 1896இல் பிரான்சின் தார்சொன்வால், தலையைப் பெருஞ் சுருளொன்றினுள் வைத்தபோது கண்முன் ஒளிப்பொறிகள் தோன்றியதாக எழுதினார். ஆயினும் நரம்பைத் தட்டியெழுப்பப் போதிய விசையுடைய துடிப்பைப் பிறப்பிக்கும் ஆற்றல் அக்காலக் கருவிகளுக்கு இருக்கவில்லை. 1980இல் இங்கிலாந்தில் மேர்ட்டன், மோட்டன் இருவரும் உச்சந்தலையின் மீது நேரடியாக உயர் உவோற்றளவு அதிர்வொன்றைச் செலுத்திக் கைத்தசையை அசைத்துக் காட்டினர். முறை பலித்தது. ஆனால் தோலும் மண்டையோடும் மின்னை எதிர்ப்பதால் நோவு பொறுத்தற்கரியதாயிற்று. செபீல்ட் நகரின் அன்ரனி பாக்கரும் அவர்தம் கூட்டாளிகளும் 1985இல் இத்தடையைக் கடந்தனர். காந்தப் புலத்துக்குத் தோலும் எலும்பும் தடையல்ல. சில ஆயிரம் உவோற்றுக்கு ஏற்றப்பட்ட கொள்ளளவியிலிருந்து சில ஆயிரம் அம்பியர் மின்னோட்டத்தைச் செக்கனின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைந்த நேரத்திற் சுருளினூடே பாய்ச்சினால், ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு தெசுலா வரையிலான புலம் தோன்றி மறையும். அம்மாற்றம் மூளையின் மேற்படையில் மின்னைத் தூண்டும். பெருவிரல் துடிக்கும். நோவு மிகச் சிறிதே.

இத்துடிப்புக்களை நெற்றியின் இடப்புறத்துக்கு மேலே, நாள்தோறும், வாரக்கணக்கில் மீட்டு மீட்டுச் செலுத்தினால் மருந்துக்கு மசியாத மனச்சோர்வு சிலரிடம் தணிகிறது என்பது பின்னர் கண்டறியப்பட்டது. 2008இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இச்சிகிச்சைக்கான கருவியொன்றை முதன்முறையாக அனுமதித்தது. சிலரிடம் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே இட்டேன். 2010இல் வெளியான, 190 நோயாளரைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், உண்மைத் துடிப்புப் பெற்றோரில் 14.1 வீதத்தினர் நோய் நீங்கினர். போலித் துடிப்புப் பெற்றோரில் 5.1 வீதத்தினர். பிற்கால ஆய்வுகளில் இவ்வெண்கள் உயர்ந்தன. எனினும் இது மாயக்கோலன்று. மருந்து பல உண்டும் எழமுடியாதிருந்த ஒருவர் எழுந்து அடுப்பு மூட்டினார் என்றால் அந்த ஒருவருக்கு அதன் பெறுமதி வேறு. அவ்வளவே நான் சொல்வது.

இனித் திருத்தங்களைப் பார்ப்போம். வட்டச் சுருள் தன் சுற்றின் கீழுள்ள மூளைப்பரப்பு முழுவதையும் ஒருங்கே தூண்டியது. 1988இல் யப்பானின் சோகோ உவேனோவும் உடனாய்வாளரும் எட்டு வடிவச் சுருளை முன்வைத்தனர். இரு வட்டங்களும் சந்திக்குமிடத்தில் விசைகள் கூடுவதால் தூண்டல் ஒரு சிற்றிடத்திற் குவிந்தது. பின்னர் ஆழம் நோக்கிய பயணம் தொடங்கியது. இசுரேலில் உருவான எச் வடிவச் சுருள் சற்று ஆழமாகச் செல்லும். 2013இல் அமெரிக்க அனுமதியையும் பெற்றது. ஆனால் ஆழம் கூடக் குவிவு குறையும். 50 வகைச் சுருள்களைக் கணித்து ஒப்பிட்ட ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. எச்சுருளும் இவ்விதிக்கு விலக்கன்று என்பதை அது காட்டிற்று. இயற்கை இட்ட வேலி அது. வேலியைச் சுற்றிவரவே, காந்த ஒத்ததிர்வுப் படத்தைக் கொண்டு சுருளை மில்லிமீற்றர்க் கணக்கில் நிலைநிறுத்தும் வழிகாட்டிகளும், தலை அசைந்தாற் கூடவே அசையும் இயந்திரக் கைகளும் வந்தன. என் நண்பர் பத்து நிமிடம் புகழ்ந்தவை இவையே. இவற்றின் அறிவுத்திறத்தை நானும் வியக்கின்றேன். ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் வெருகலாற்றின் தென்கரைக்கோ வடகரைக்கோ நோயாளியொருவர்க்குக் கருவியை ஓரடி அண்மையிற் கொண்டுவரவில்லை.

எம்மூரைப் பற்றிச் சில வரிகள். திருகோணமலைத் துறைமுகத்தைப் படத்திற் கண்டோர் பலர். அத்துறைமுகம் தலைநகராய் விளங்கும் மாவட்டத்தின் தெற்கெல்லையில், கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே ஈச்சிலம்பற்று என்றொரு பற்று உண்டென்பதை அறிந்தோர் சிலர். 2004 மார்கழியில் ஆழிப்பேரலை எங்கள் கரையோரத்தை அள்ளிச் சென்றது. 2006இற் போர் மீண்டபோது ஊரே பெயர்ந்து வெருகலைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புப் பக்கத்து முகாம்களுக்கும் நடந்தது. எனக்கு அப்போது நான்கு வயது. எவருடைய தோளிலோ இருந்தேன் என்பது மட்டும் நினைவு. ஈராண்டுக்குள் இரு முறை வேரறுந்த மக்களின் மனநிலையைப் பற்றி யான் விரித்துரைக்க வேண்டியதில்லை. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூலிலும் பின்னைய எழுத்துக்களிலும், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் எவ்வாறு சிதைக்கிறது என்பதை விரிவாக எழுதியுள்ளார்.

என் பெரியம்மா அலையில் ஒருவரையும் இடப்பெயர்வில் ஒருவரையும் இழந்தவர். பல ஆண்டுகளாக அவர் விடியற்காலையில் எழுந்து திண்ணையில் அமர்வார். மதியம் வரை அப்படியே இருப்பார். பேய் பிடித்ததென்றார் சிலர். கோயிலில் நேர்த்தி வைத்தனர். பின்னர் வைத்தியசாலையொன்றில் குளிசை தந்தனர். முதற் குளிசை நித்திரையைத் தந்தது. இரண்டாவது உடலைப் பருக்கவைத்தது. மூன்றாவது எதையும் செய்யவில்லை. கிளினிக் நாளில் விடிய நாலு மணிக்கு எழுந்து பஸ் ஏறி, மாலை திரும்பி வருவோம். உள்ளே வைத்தியருடன் பேசக் கிடைப்பது சில நிமிடம். வைத்தியரை நான் குறைகூறவில்லை. வெளியே வரிசை நீண்டிருந்தது.

இனி ஒரு கணக்கு. எங்கேனும் ஒரு நகரத்தில் இக்காந்தக் கருவி இருக்கின்றதென்றும், அங்கே காசு கேட்கமாட்டார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 2008இல் அனுமதிக்கப்பட்ட முறையின்படி, ஓர் அமர்வுக்கு 37.5 நிமிடம், கிழமைக்கு 5 நாள், ஏறத்தாழ 6 கிழமை. அதாவது 30 நாட் பயணம். பெரியம்மா தனியே போகமாட்டார். துணைக்கு ஒருவர் வேண்டும். ஆக 60 ஆள்நாள். நெல் அறுவடைக் காலத்தில், அல்லது கடல் நல்லாயிருக்கும் மாதத்தில், 60 ஆள்நாளை எந்தக் குடும்பம் கொடுக்கும்? சுருள் எவ்வளவு கூரியதாயினும் ஆளில்லாத கதிரையை அது தூண்டப்போவதில்லை.

இக்கணக்கை முன்னிறுத்திப் பார்க்கும்போதுதான் எத்திருத்தம் பெரியது, எத்திருத்தம் சிறியது என்ற வரிசை தலைகீழாகின்றது. என் நோக்கில் இத்துறையின் பெருந்திருத்தம் செம்பிலோ இரும்பிலோ நிகழவில்லை; தாளத்தில் நிகழ்ந்தது. 2005இல் இலண்டனில் யிங்-சூ ஹுவாங், ஜோன் றொத்வெல் முதலியோர் துடிப்புக்களைச் சீராக அடிப்பதை விடுத்து, மும்மூன்றாகக் கொத்துக் கட்டி, ஒரு செக்கனுக்கு ஐந்து கொத்தாக, இரண்டு செக்கன் அடித்து எட்டுச் செக்கன் ஓய்ந்து செலுத்தினர். (எங்கள் பக்கத்துக் கூத்துக்களத்தில் மத்தளம் கேட்டவர்க்கு இதில் வியப்பிராது, ஓய்வும் அடியின் பகுதியே என்பதை அண்ணாவிமார் எப்போதோ அறிவர்.) 600 துடிப்புக்கள் மூன்று நிமிடத்திற் சற்றே கூடிய நேரத்தில் முடிந்தன. 2018இற் கனடாவில் 414 நோயாளரிடம் ஒப்பிட்டபோது, மூன்று நிமிட முறை 37.5 நிமிட முறைக்குத் தாழ்ந்ததன்று எனத் தெளிவாயிற்று. நோய் நீங்கியோர் முன்னதில் 32 வீதம்; பின்னதில் 27 வீதம்.

இங்கேதான் என் நண்பரிடம் ஒரு வினா. மிச்சப்பட்ட அந்த நேரம் யாருடைய நேரம்? ஆறு மணி நேரம் வேலை செய்யும் நிலையத்தில் முன்னர் எண்மர் அமர்ந்த கதிரையில் இப்போது இருபதின்மர்க்கு மேல் அமரலாம். வரிசை குறையும், அது நன்று, அரச வைத்தியசாலைக்கு அது மிக நன்று. ஆனால் பெரியம்மாவின் பயணம் அதே 30 நாட்களே. 37 நிமிடமாயினும் 3 நிமிடமாயினும் அவர்க்கு அந்த நாள் போய்விட்டது. மிச்சம் கருவியுடையோர்க்கு, செலவு நோயுடையோர்க்கு.

நாட்களைக் குறைக்கும் முயற்சியும் உண்டு. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் நாளொன்றுக்குப் பத்து அமர்வாக ஐந்தே நாளிற் சிகிச்சையை முடிக்கும் முறையை வகுத்தனர். 2022இல் அதற்கு அனுமதியும் கிடைத்தது. ஐந்து நாள்! திருகோணமலையில் உறவினர் வீட்டிலே தங்கி முடித்துவிடக் கூடியது. இதைப் படித்த இரவில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியுண்டாயிற்று. அடுத்த பக்கத்தில் அம்மகிழ்ச்சி பாதியாயிற்று. ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே மூளைத் தொழிற்பாட்டுப் படமெடுத்து, அதிற் கணித்த புள்ளியிற் சுருளை வைப்பது அம்முறையின் அங்கம். அதன் பயனிற் பெரும்பங்கு படத்தால் வருகிறதா, நெருக்கி அடித்த அமர்வுகளால் வருகிறதா? செல்வந்த நிலையமொன்றுக்கு இவ்வினா ஆர்வத்துக்குரியது மட்டுமே. அங்கே இரண்டும் கிடைக்கும். எமக்கோ அந்த வினாவின் விடையிலேதான் வாயில் திறப்பதும் மூடுவதும் தங்கியுள்ளது. இதே துறையில் 2009இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், தையற்காரரின் அளவுநாடாவால் தலையில் மூன்று அளவெடுத்து இடத்தைக் குறிக்கும் எளிய முறையை வெளியிட்டனர். இயந்திரக் கையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியவர் இந்த நாடாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாடாவில் வியப்பதற்கு என்ன இருக்கிறது!

சூட்டைப் பற்றிக் கூறாமல் இருக்கவியலாது. சுருளின் ஊடே பாயும் மின்னில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் வெப்பமாகின்றது. ஒரு துடிப்பில் 50 யூல் மட்டும் இழக்கப்படுவதாகக் கொண்டாலும், செக்கனுக்குப் பத்துத் துடிப்பென்றால் 500 உவாற்று; ஒரு மின்னழுத்தி சூடாவதை எண்ணிப் பாருங்கள். தலையிற் படும் பொருள் என்பதால், மேற்பரப்பு 40 பாகை செல்சியசை ஒட்டியதும் கருவி தானாக நின்றுவிடுமாறு பல சுருள்களை அமைத்துள்ளனர். இலண்டனில் அறையின் வெப்பநிலை 20 பாகை. சுருளுக்கு ஏறத்தாழ 20 பாகை இடமுண்டு. எங்களூரில் கச்சான் காற்றடிக்கும் ஆடி மாதத்தில் ஓட்டுக் கூரையின் கீழ் 33 பாகை என்றால் எஞ்சுவது ஏழே ஏழு. மூன்றாவது நோயாளிக்கு முன்னரே கருவி இளைத்துவிடும். குளிரூட்டப்பட்ட அறை வேண்டும் என்பர். குளிரூட்டிக்கு மின் வேண்டும். 2022 பங்குனி இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின் நின்றது. ஆகவே செம்புக் கம்பியைத் தடிப்பாக்குவதோ, மெல்லிழைகளாகப் பிரித்து முறுக்குவதோ, எண்ணெயோ நீரோ ஓடவிட்டுக் குளிர்விப்பதோ, துடிப்பின் சத்தியைக் கொள்ளளவிக்கே மீளப் பெறும் சுற்றை மேலும் திருத்துவதோ, மெல்ல மெல்ல ஏற்றிவைத்த மின்கலவடுக்கிலிருந்து மூன்று நிமிட அமர்வை நடத்துவதோ எங்கள் திருத்தங்களாகும். இவற்றுள் எது தகுந்தது என்பதைப் பொறியியற்பீடத்தார் கூறட்டும்; என் கணக்கில் வழு இருந்தாற் திருத்தட்டும். வினாவை மட்டும் ஏற்கட்டும்.

ஒலியும் அவ்வாறே. சுருளில் மின் பாயும் ஒவ்வொரு முறையும் கம்பிகள் ஒன்றையொன்று உதைப்பதால் "டக்" என்றொரு கூரிய ஒலி எழும். அதன் உச்சம் 100 தெசிபெல்லையும் தாண்டக்கூடும். நோயாளி காதடைப்பான் அணியவேண்டும். கைந்நூல்களில் இது செவிப்பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் ஒரு பத்தி. நான் இக்கருவியைத் தாளில் வரைந்து பெரியம்மாவுக்கு விளக்கியபோது, மின்னைப் பற்றியோ மூளையைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. "மனே, அது சத்தம் போடுமா?" என்று மட்டும் கேட்டார். 2006இற் கேட்ட ஒலிகள் அவர் காதில் இன்னும் இருக்கின்றன. டியூக் பல்கலைக்கழகத்தில் ஏஞ்சல் பீற்றர்ச்செவ், இசுற்றெபான் கோற்சு ஆகியோர், துடிப்பைக் குறுக்கி அதன் ஒலியைச் செவிக்கெட்டாத அலைவெண்ணை நோக்கி நகர்த்தியும், சுருளின் உறையை மாற்றியும் அமைதியான கருவியொன்றை ஆக்க முயன்றனர். பலரும் இதனை வசதி சார்ந்த திருத்தம் என்பர். குண்டு விழுந்த ஊரில் இது சிகிச்சையின் வாயிற்படி.

இன்னொன்று. சிகிச்சைக்கு முன் நிரப்பும் வினாப்படிவத்தில் "தலையில் உலோகம் ஏதும் உண்டா?" என்றொரு வரி இருக்கும். வலிப்பு வரலாறும் கேட்கப்படும்; துடிப்பு அரிதாக வலிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால் அது தேவையான கேள்வி. பிற நாட்டில் உலோகம் பற்றிய கேள்விக்குப் பெரும்பாலோர் "இல்லை" என எழுதிவிட்டு மேலே செல்வர். எங்கள் பக்கத்தில் எறிகணைச் சிதறலை உடலிற் சுமந்து திரிவோர் பலர். தலையிற் சுமப்போரும் உளர். தம்முடலில் இருப்பதை அறியாதோரும் இருக்கலாம். மாறும் காந்தப் புலத்தில் உலோகத்துண்டு சூடேறலாம், அசையலாம். ஆகவே எம்மிடத்தில் அவ்வரிக்கு முன் ஓர் எக்ஸ்கதிர்ப் படம் வேண்டும். சுருளுடன் சேர்த்தே உலோகத்தைக் கண்டுகொள்ளும் எளிய உணரி ஒன்றை வைக்க முடியாதா? மிதிவெடி தேடும் கருவியை அறிந்த நாட்டில் இது கேட்கக்கூடாத கேள்வியா?

இத்தகைய கேள்விகளைக் கேட்டுப் பொருளொன்றை மாற்றியமைத்ததற்குச் சான்று எம் கண்முன்னே நடமாடுகின்றது. மேலைநாட்டுச் செயற்கைக்கால் சப்பாத்துக்குள் வைக்கப்படுவதற்கெனச் செய்யப்பட்டது. அதனை அணிந்து சப்பாணி கட்ட முடியாது, குந்த முடியாது, வயற்சேற்றில் இறங்க முடியாது. 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் இறப்பரையும் மரத்தையும் கொண்டு, வெறுங்காலாய் நடக்கவும் குந்தவும் இயலுமான காலைச் செய்தனர். மேலைநாட்டுக் காலை மேலும் அழகுபடுத்துவதை அவர்கள் திருத்தம் எனக் கொள்ளவில்லை. யார் அணியப்போகின்றார் என்பதிலிருந்து தொடங்கினர். யாழ்ப்பாணத்தில் 1987இல் நிறுவப்பட்ட ஜெய்ப்பூர் நிறுவனம் எத்தனை பேரை மீள நடக்கவைத்தது என்பதை இவ்விதழைப் படிப்போர்க்கு யான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மூளைக் கருவிகளிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. மின்வலிப்புச் சிகிச்சைக்கெனப் பெங்களூரிற் செய்யப்பட்ட கருவியை அந்நகரின் தேசிய உளநல நரம்பியல் விஞ்ஞான நிறுவனத்தார் தம் ஆய்வுகளிலே பயன்படுத்தியுள்ளனர். பழுதுபட்டால் பாகம் பக்கத்துத் தெருவில். எம் நாட்டில் 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. டொலரிற் பராமரிப்பு ஒப்பந்தம் கேட்கும் கருவியின் கதி யாதாகியிருக்கும்? கருவியை விற்றபின்னும் ஒவ்வோர் அமர்வுக்கும் கட்டணம் அறவிடும் முறையைச் சில நிறுவனங்கள் கையாண்டன என்பதையும் வாங்கும் முன் எண்ணவேண்டும்.

இனித் தேநீர்க் கோப்பைப் பெரியவர். அவர் வாதம் இரு தலைகளையுடையது. ஒன்று: சோறும் வீதியும் நீரும் முதலில், காந்தம் பிறகு. சோற்றை யார் மறுப்பர்? ஆயினும் "முதலில்" என்ற சொல் எங்களூரைப் பொறுத்தவரை நெடுங்காலம் தண்டனையாகவே இருந்துவந்தது. பாலம் முதலில் என்றனர். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. ஏ15 வீதியின் ஏனைய பாலங்களும் வந்தன. பெரியம்மா இன்னும் திண்ணையிலேயே இருந்தார். மனச்சோர்வுற்றவர் சோற்றுக்காக உழைக்கவும் மாட்டாதவர் என்பதை வறுமையைப் பற்றிப் பேசுவோர் ஏனோ மறந்துவிடுகின்றனர். வறியவனுக்கு மலிந்தது போதும் என்று சொல்வது எனக்கு மக்கள் சார்பாகத் தோன்றவில்லை.

மற்றது கனமானது. போராலும் அலையாலும் வந்த துயரத்தை மூளைச் சுற்றொன்றின் கோளாறாகச் சுருக்கி, சுருளால் தட்டிச் சரிசெய்துவிடலாம் என்பது அநியாயத்தை மறைப்பதாகாதா? இக்கேள்வி நியாயமானது, தமிழ் மண்ணிலேயே இதற்கு வரலாறுண்டு. சென்னையில் பி. இராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், தி. சு. கனகா ஆகிய நரம்பறுவை மருத்துவர் கடந்த நூற்றாண்டின் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மூளையாழத்திற் சிறு புண் உண்டாக்கும் அறுவைகளைச் செய்தனர். கட்டுக்கடங்காதோரை அமைதிப்படுத்துவதற்கெனச் சிறுவரிடத்தும் அவை செய்யப்பட்டன. 1988இல் இராமமூர்த்தி வெளியிட்ட கணக்கில் அவ்வகை அறுவைகள் 600ஐத் தாண்டியிருந்தன. அம்மருத்துவர்கள் கொடியோர் அல்லர். கனகா இந்தியாவில் மூளையினுள் நிலையான மின்வாயைப் பதித்த முன்னோடி எனப் போற்றப்படுபவர். ஆனால் அமைதி யாருக்குத் தேவைப்பட்டது, குழந்தைக்கா, அதனைப் பார்த்துக்கொண்டோர்க்கா என்ற வினா இன்றுவரை அவ்வறுவைகளைத் தொடர்ந்து வருகிறது. வெட்டிய இடத்தை மீள ஒட்ட முடியாது. சுருளை எடுத்துவிடலாம், நோயாளி எழுந்து போய்விடலாம், அந்த அளவில் இக்கருவி மேலானது. எழுந்து போகும் உரிமையை எம் நிலையங்கள் நோயாளிக்கு விளங்கச் சொல்லுமா என்பது வேறு கேள்வி. இந்நாட்டு உளநோய்ச் சட்டத்தின் வேர் 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. நோயாளியின் சம்மதம் என்ற எண்ணம் அக்கால ஆட்சியாளரைப் பெரிதும் வருத்தியதாகத் தெரியவில்லை.

ஆகவே பெரியவரின் அச்சத்தை நான் ஏற்கிறேன். அவர் முடிவை ஏற்கவில்லை. பெரியம்மாவின் துயரத்துக்குக் காரணம் மூளையில் இல்லை. கடலிலும் போரிலும் இருக்கிறது. ஆயினும் காரணம் வெளியே இருப்பதால் நோய் உள்ளே இல்லையாகாது. குண்டுபட்டு முறிந்த எலும்பை, முறிவுக்குக் காரணம் அரசியல் என்பதற்காக எவரும் கட்டாமல் விடுவதில்லை. நீதி கேட்கவும் ஒருவர் திண்ணையை விட்டு எழவேண்டியிருக்கிறது.

இறுதியாக எம் பீடத்தாரை நோக்கியும் ஒரு சொல். சுருளின் தடிப்பைத் தீர்மானிப்பது எம் வேலையன்று. ஆனால் சம்மதப் படிவத்தின் தமிழ் யாருடைய வேலை? நான் கண்ட மொழிபெயர்ப்புப் படிவங்கள் சிலவற்றின் வாக்கியங்களை இளங்கலைமாணிப் பரீட்சைக்கு அமர்வோரே இருமுறை வாசித்துப் பொருள் கொள்ளவேண்டும். பெரியம்மா எவ்வாறு வாசிப்பார்? "மனம் விட்டுப்போச்சு", "நெஞ்சு பாரமாக் கிடக்கு", "ஒண்டுக்கும் ஏலாது" என்று எம்மக்கள் கூறுவனவற்றைச் சேர்த்து, எது நோயைச் சுட்டுகிறது, எது துயரத்தைச் சுட்டுகிறது என்று வைத்தியருடன் அமர்ந்து வகைப்படுத்துவது தமிழ்த்துறைக்கும் சமூகவியல் துறைக்கும் உரிய ஆய்வு. சங்க இலக்கியத்து மெய்ப்பாடுகளைப் பற்றி இவ்விதழின் பழைய மலர்களில் எத்தனை கட்டுரை உண்டு! மாவடிச்சேனையிலும் வட்டவனிலும் வாழ்வோரின் மெய்ப்பாடுகளைப் பற்றி ஒன்றேனும் என் கண்ணிற் படவில்லை.

பொறியியற்பீட நண்பர்க்கு என் வேண்டுகோள் சிறிது. இறுதியாண்டுச் செயற்றிட்டமொன்றில், 33 பாகை அறையில், 600 துடிப்பை நாளொன்றுக்கு இருபது முறை, குளிரூட்டியின்றிச் செலுத்தத்தக்க சுருளை மாதிரித் தலையொன்றின் மேல் வைத்து அளந்து பாருங்கள். மனிதர் தலையில் வைப்பது பின்னர், மருத்துவபீடத்தாரின் அறநெறிக் குழு அனுமதித்த பிறகு. ஒலியையும் அளவுங்கள். முடியாதென்று தெரியவந்தால், ஏன் முடியாது என்பதை அடுத்த மலரில் தமிழில் எழுதுங்கள். நான் வாசித்து மறுமொழி எழுதுவேன். இச்சித்திரையிலும் ஊருக்குப் போகின்றேன். பெரியம்மாவுக்குப் புதிய குளிசை தந்திருக்கின்றார்களாம்; நித்திரை கொள்கின்றார் என்று தம்பி தொலைபேசியிற் சொன்னான்.